தாளம் விட்டவன்

மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்த மகள், பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் கையை நிறுத்தினாள். எனக்கு நஸீரின் கைகள் ஞாபகம் வந்தன.

மருதமுனையில் எங்கள் வீட்டுத் தறிக் கொட்டிலில்தான் எங்கள் ரொக் இசைக்குழு பழகியது. எல்லாருக்கும் பதினான்கு, பதினைந்து வயது. பாங்கு சொன்னால் தறியும் நிற்கும், நஸீரின் ட்ரம்ஸும் நிற்கும்.

பக்கத்து ஊரான பெரியநீலாவணையில் நடந்த விளையாட்டு விழாவில், பாட்டின் நடுவே நஸீர் சட்டென்று நிறுத்திவிட்டான். சனம் கூக்காட்டியது. நான் மைக்கில், "ட்ரம்ஸ்காரன் புதிசு, தாளம் விட்டுட்டான்" என்று சிரித்தேன். இறங்கிப் போனவன் திரும்பி வரவேயில்லை. பிறகு ஐந்து பேர் அவனுக்குப் பதிலாக ட்ரம்ஸ் அடித்துப் பார்த்தார்கள், ஒருவரும் நிலைக்கவில்லை.

மகளுக்கு இதைச் சொன்னேன்.

"அவர் உண்மையாவே தாளம் விட்டாரா, வாப்பா?"

"இல்ல மகள். தூரத்துல நம்மட ஊர்ப் பள்ளியில பாங்கு சொன்னாங்க. எனக்கும் கேட்டதுதான்."