என் மகன் பிடித்த மூங்கில்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியவள். நாலு பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம்தான் உட்கார்ந்தேன், அப்புறம் கையில் பால்வாளி வந்துவிட்டது. என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இது யாரும் சொல்லிக்கொடுத்து எழுதுவது இல்லை.

என் கடைசி மகனுடைய மகள் இங்கே சிடாம் கிரி ஊரில் என்னோடு இருக்கிறாள். போன வாரம் சாப்பிடும்போது கேட்டாள். "பாட்டி, பாடைக்கு வச்சிருந்த மூங்கில எடுத்து அப்பா கையில குடுத்தது நீங்கதானா? அதனாலதான் அவரு செத்தாருன்னு சொல்றாங்க."

பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டேன். வாயால் சொன்னால் அழுகை வரும். பேத்தி முன்னால் அழ எனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் கடைசி மகன் லங்காவித் தீவில் ஒரு ஹோட்டலில் இருந்தான். வெள்ளைக்காரர்களுக்குக் கடலில் பலகை ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. வின்ட்சர்ஃபிங் என்பான். நீளமான பலகை, அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்தில் பாய். பாயைச் சுற்றி வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் நிற்க வேண்டும், மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். ஹோட்டலை மூடியபோது பழைய பலகை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தான். பலகை வீட்டுப் பின்னால் கிடந்தது, அதன்மேல் கோழி உட்கார்ந்தது.

பிறகு இடது காலில், முழங்காலுக்குக் கீழே, எலும்பில் புற்று வந்தது. காலை எடுக்க வேண்டும் என்றார்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை காலையில் பார்த்தால் பலகையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா இது?"

"ரெண்டு காலும் இருக்கும்போதே ஒரு தடவ நின்னு பாத்துக்கறேம்மா. ஒரே தடவ."

மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். தனியாக விட மனசு வரவில்லை. நானும் வருகிறேன் என்றேன்.

பலகையையும் மற்றதையும் அவன் காரின் கூரைமேல் வைத்து, கயிற்றைச் சன்னல் வழியாக உள்ளே விட்டு இழுத்துக் கட்டினான். அப்படிக் கட்டினால் கதவு திறக்காது. முதலில் என்னை உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் கட்டினான். அவன் சன்னல் வழியாக நுழைந்தான்.

"சாமானோட சேத்து என்னையும் கட்டிட்டியேடா."

"பாதியில எறங்கி ஓடிட்டீங்கன்னா?"

அன்றைக்குச் சிரித்தது அதோடு சரி. கோலா மூடா ரோட்டில் ஒரு மேட்டில் காடி ஏறி இறங்கியது. கயிறு தளர்ந்து, பலகை சரிந்து அவன் பக்கத்துச் சன்னலை மூடிக்கொண்டது. வளைந்த குழாய் ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த, செம்பனைக் குலை ஏற்றிய லோரி அதன்மேல் ஏறி, நிற்காமல் போய்விட்டது. கதவு திறக்கவில்லை. மகன் பின்சீட்டுக்குத் தாவி, அந்தப் பக்கச் சன்னல் வழியாகக் குதித்தான். அந்தக் காலிலேயே விழுந்தான். பிள்ளையாக இருந்தபோதுகூட அவன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அப்போது ஒரு பிண வண்டி வந்து நின்றது. ஓட்டுகிறவர் எங்கள் வரிசை வீட்டுக்காரர்தான். மின்சுடலையில் ஒருவரை இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒங்க காடி இங்கயே கெடக்கட்டும். பலக என் வேன்லதான் நீட்டா படுக்கும். நான் கொண்டு விடறேன்" என்றார்.

நான் முடியாது என்றேன்.

"அதுல எல்லாரும் படுத்துக்கிட்டுப் போவாங்க. நான் உக்காந்துகிட்டுப் போறேன்லா, விடுங்கம்மா" என்றான் மகன்.

போனோம். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தவர்கள் வண்டியைப் பார்த்து எழுந்து நின்றார்கள். இவன் அவர்களுக்குக் கையை ஆட்டினான். அவர்கள் உட்காரவே இல்லை.

கடற்கரையில் நல்ல காற்று. பாய் சரியாக இருந்தது, கம்பமும் சரி. லோரி ஏறிய குழாய்தான் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நிமிர்த்தப் பார்த்தான், இரண்டாக ஒடிந்தது. வைத்துக் கட்டக் குச்சி தேடினோம். கரையில் கிடந்ததெல்லாம் உளுத்த கட்டை. டிரைவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் ஒரு சாவு வீட்டில் பாடை கட்டுவதற்குப் பச்சை மூங்கிலும் கயிறும் உள்ளே இருந்தன.

"வேண்டாம்" என்றேன். "அத என் மகன் கையில குடுக்காத."

"அக்கா, இது இன்னும் யாரயும் தூக்கல. நேத்து வெட்டுனது."

"வெட்டுனது எதுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகன் என்னைப் பார்த்தான். எடுத்துக்கொள்ளவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நான் சரி என்று சொல்லாமல் அவன் அதைத் தொடமாட்டான். தன் காலைப் பார்த்தான், கடலைப் பார்த்தான், மணலில் உட்கார்ந்துவிட்டான்.

நான்தான் வண்டியிலிருந்து ஒரு மூங்கிலை உருவினேன். தண்ணீரில் இறங்கி, சேலை நனைய நனைய, அதை நுனியிலிருந்து அடிவரைக்கும் கையால் தேய்த்துக் கழுவினேன். கொண்டுவந்து அவன் மடியில் வைத்தேன்.

"எந்திரிடா. கட்டு."

கட்டினான். கடலில் இறங்கினான். ஏறியதும் விழுந்தான். மறுபடி ஏறினான், கால் மடங்கி விழுந்தான். டிரைவர் தாங்கமுடியாமல், "போதும் தம்பி, வந்துடுங்க" என்று கத்தினார். நான் கூப்பிடவில்லை.

அடுத்த தடவை நின்றான். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு காலையும் பலகையில் ஊன்றி நின்றான். பாய் புடைத்தது. பழுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனான். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. லங்காவியில் அவன் செய்த வேலையை நான் போய்ப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். உலை கொதிக்கிற நேரம்கூட இருக்காது. பிறகு பாய் சாய்ந்தது. பலகைமேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தான். முகம் சாம்பலாக இருந்தது.

"நின்னேன், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

திங்கட்கிழமை போனான், காலை எடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் அதே வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடற்கரையில் நடந்தது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. பாடைக் கம்பைத் தொட்டவன் எப்படிப் பிழைப்பான் என்று கூட்டத்தில் ஒரு பொம்பளை சொன்னாள். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாள்.

நுரையீரலிலும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னது கடலுக்குப் போவதற்கு முன்னால். என்னையும் அவனையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். காலை எடுப்பது வலிக்காகத்தான், உயிருக்கு இல்லை என்றார். வீட்டில் சொல்லாதீங்கம்மா என்றான். அவன் போன பிறகும் சொல்லவில்லை. பழி என் தலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். ஆனால் நீ கேட்டுவிட்டாய்.

ஆமாம், நான்தான் கொடுத்தேன். நாளைக்குக் கேட்டாலும் கழுவிக் கொடுப்பேன்.

வா, பக்கத்தில் உட்கார். சத்தமாகப் படி. எழுத்து புரியாவிட்டால் கேள். உன் அப்பா நிற்கிற இடம் வந்ததும் அவசரப்படாதே. அங்கே மெதுவாகப் படி.