நடுத் துண்டில் விழுந்த சூடு

என் மகள் பிறந்தபோது ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். என் கணவருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. அங்கே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய அம்மாள் பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று தைத்து, உள்ளே பஞ்சு கொடுத்து அழகழகான விரிப்புகள் செய்வார். பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்திருந்தது. எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை. வாழ்ந்தவர்கள் உடுத்திய பழந்துணிதான். இரண்டையும் முடிச்சுப் போட்டேன். சொந்தக்காரர்கள் வீட்டுப் பழைய சேலை, வேட்டி எல்லாம் வந்து சேர்ந்தன.

துறையூரிலிருந்து என் நாத்தனாரும் பஸ் ஏறி வந்தார். கணவரின் அக்கா. கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை. தலை தீபாவளிக்கு எடுத்த சந்தன நிறக் கைத்தறிச் சேலையில் ஒரே ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்கயாவது ஓரத்துல வச்சுத் தச்சுக்கம்மா," என்றார்.

"நடுவுலதான் வைப்பேன், அண்ணி," என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்ததும் தையலை இஸ்திரி போட்டுப் படிய வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மடிப்பு குழந்தையின் முதுகில் உறுத்தும். நான் தைக்க, அண்ணி கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தார். வேலையெல்லாம் ஓடியாடிச் செய்தார். ஆனால் குழந்தையை மட்டும் தூக்கவில்லை. கை ஈரம் என்றார், பஸ்ஸில் வந்த புழுதி என்றார், அப்புறம் கரிப்பெட்டி சூடு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் மேல் ஏதோ வருத்தமோ என்று நினைத்தேன்.

அவர் ஊருக்குப் போன பிறகு விரிப்பை விரித்துப் பார்த்தால், அவர் கொடுத்த சந்தனத் துண்டின் மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு பழுப்பாகப் பதிந்திருந்தது.

இத்தனை துண்டு இருக்க இதிலா விழ வேண்டும்? அண்ணி பார்த்தால் என்ன நினைப்பார்? குழந்தையில்லாதவள் துணி நம் குழந்தைக்கு வேண்டாம் என்று வேண்டுமென்றே சுட்டுவிட்டார்கள் என்றுதானே! பிரித்தெடுத்து வேறு துண்டு வைத்தாலோ, அந்தச் சந்தேகத்துக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகும்.

யார் சுட்டது? அண்ணி கிளம்பிய பின் ஓரங்களை நானும் கொஞ்சம் தேய்த்தேன். குழந்தை அழ, பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேனா? நினைவில்லை. பிறகு அம்மாவின் பார்வை ஞாபகம் வந்தது.

"நீ ஏதாவது செஞ்சியாம்மா?"

"ரங்கநாதர் மேல சத்தியமா அதை நான் தொடவே இல்லடி! அந்தத் துண்டு வேணாம்னு நெனச்சேன், நெஜம்தான். அதுக்காகச் சுடுவேனா?" என்று அழுதாள். அம்மா அழுதால் நடிப்பா நிஜமா என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. இதிலும் தெரியவில்லை.

வைத்தியம் மட்டும் ஆளுக்கொன்று வந்தது. எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வெயிலில் போடு என்றாள் அம்மா. வெயிலில் போட்டால் கறை இறுகிவிடும், புளித்த மோரில் ஊற வை என்றாள் பால்காரி. மோர் பட்டால் துணி நாறும் என்றார் தெருவில் இஸ்திரி போடுகிறவர், அவரும் வேறு வழி சொல்லவில்லை. குழந்தையைக் காட்டப் புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கம்பவுண்டரிடம் கேட்டேன். காதில் விட்டால் நுரைக்குமே, அந்த மருந்தைத் தொட்டு வைத்துப் பாருங்கள் என்றார். கறைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் எலுமிச்சை, வெயில், காது மருந்து எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்தேன். எது வேலை செய்ததோ, பழுப்பு மெல்ல வெளுத்து, உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு வந்தது. பெரிய வெற்றி பெற்றவள் போலத்தான் பொன்மலைக்குத் திரும்பினேன்.

எங்களைப் பார்க்க அண்ணி வந்தார். விரிப்பைக் கூடத்தில் போட்டுக் குழந்தையைப் படுக்க வைத்தேன். அவர் குனிந்து நடுத் துண்டை விரலால் தடவினார்.

"இங்க ஒரு சூடு இருந்துச்சே?"

"தெரியாம பட்டுடுச்சு, அண்ணி. தேச்சுத் தேச்சு எடுத்துட்டேன்," என்றேன் அவசரமாக.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏம்மா எடுத்த? நான்தானே வச்சேன்."

"நீங்களா? எதுக்கு அண்ணி?" என்றேன்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. கன்னத்துல வைக்கிற மை அழிஞ்சுடும். என் சேலையில என் கையாலயே திருஷ்டிப் பொட்டு வச்சுட்டா என் கண்ணு அவ மேல விழாது. சூடு அழியாதுன்னு நெனச்சேன். அடுத்த தடவை வந்து தூக்கிக்கலாம்னு இருந்தேன்."

அத்தனை நாள் அம்மாவைச் சந்தேகித்தது நெஞ்சில் குத்தியது. அண்ணி மேல் கோபமாகவும் வந்தது.

"உங்க கண்ணு கெட்டதுன்னு யாரு சொன்னா?"

"யாரும் வந்து சொல்லணுமா என்ன," என்றார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், திட்டினேன்கூட. குழந்தை அவரைப் பார்த்துக் கையைக் காலை உதைத்தது. அவர் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, துறையூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்.

"கொஞ்சம் இருங்க," என்றேன்.

இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு விசிறினேன். என்ன செய்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு விரிப்பை உருவி, பெட்டியின் மூக்கை நடுத் துண்டில் வைத்து அழுத்தினேன். தீய்ந்த வாடை வந்தது. எலுமிச்சையும் வெயிலுமாக நான் போக்கிய அதே இடத்தில் பழுப்பு மறுபடி பதிந்தது.

அவர் மனதுக்கு நல்லது செய்தேனா, அல்லது அவர் கண் கெட்டதுதான் என்று நானும் ஒப்புக்கொண்டு முத்திரை குத்தினேனா? மகளுக்கே மகள் பிறந்துவிட்டாள், இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணி அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். அது அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது.

"விடுடி, வலிக்குது," என்றார், முகத்தை விலக்காமலே.