மொட்டை மாடியில் ஆறு கோழிக்கு இடம்

எங்கள் வீட்டுக்கு மூன்று தளம் என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பெரிய வீடாகத் தோன்றும். மதுரைப் பழைய ஊருக்குள் பத்தடி அகலச் சந்தில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிற வீடு. கீழே என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் நடத்துகிற பாத்திரக் கடை. முதல் மாடியில் அண்ணன் குடும்பம், இரண்டாவது மாடியில் நாங்கள். அதற்கு மேலே இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக மொட்டை மாடி.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். சோழவந்தானிலிருந்து ஒரு அம்மா என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார். என் வயதுதான் இருக்கும், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். போன கோடையில் ஒரு நாள் அளவு கொடுத்துக்கொண்டே, "எங்க வீட்டுல வெடைக்கோழி பெருகிப் போச்சு. ஆறு தாரேன், வளக்குறீங்களா?" என்றார். வெடைக்கோழி என்றால் இன்னும் முட்டையிட ஆரம்பிக்காத இளம் கோழி. எனக்கு ஏன் அப்படி ஆசை வந்தது என்று தெரியவில்லை. யோசிக்காமல் சரி என்றேன்.

"மொதல்ல எடத்தைப் பாருங்க. எடம் ரெடியான பெறகு கோழி" என்று அவர் சொன்னார். "உசரம் வேணாம், தரைதான் அகலமா வேணும். மத்தியான வெயிலு விழக் கூடாது. காத்து ஓடணும். பூனை நுழையாம வலை அடிச்சுருங்க."

மாடியில் அம்புட்டு இடம் இருக்கே, இதென்ன பெரிய காரியம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் காலையில் மேலே போய் நின்றேன். நடுவில் துணிக்கொடி. தெற்கே தண்ணீர்த் தொட்டி. படியேறி வந்ததும் இருக்கிற சின்ன அறை முழுக்கக் கடையின் பழைய அட்டைப்பெட்டிகள், ஓடாத ஒரு வாஷிங் மெஷின். அந்த அறையின் கிழக்குச் சுவரை ஒட்டி, பார்த்ததுமே மனதில் பட்ட ஒரு இடம் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் அங்கே நிழல் விழுந்துவிடும். கிழக்கிலிருந்து காற்று வரும். ஆனால் அங்கே ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கால் உடைந்ததும் உடையாததுமாக, ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எங்கிட்டு வேணா வச்சுக்க. அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு."

அவர் அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். மச்சானிடம் கேட்டேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நாற்காலிய எங்கம்மா கொண்டு போறது? விசேஷம்னா வேணும்ல?"

"அதுல பாதி உடைஞ்சுருக்கு மச்சான்."

"மீதிப் பாதி நல்லாத்தானே இருக்கு?"

மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், துணிக்கொடிப் பக்கம் கூடவே கூடாது என்றார். "தொழுகைக்கு உடுத்துற துணி காயுது. இறகும் எச்சமும் பறந்து வந்து ஒட்டுனா யாரு திரும்ப அலசுறது?" அதில் நியாயம் இருந்தது. அறையையாவது ஒழித்துத் தாருங்கள் என்றால், "அது கடைச் சாமான், நான் தொட மாட்டேன்" என்றார். கடையில் கேட்டால், வாஷிங் மெஷின் அக்காவுடையது என்றார்கள். ஒரு வாரம் மேலும் கீழும் ஏறி இறங்கினேன். யாரும் கோழி வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே வேண்டாம் என்று மட்டும்தான் சொன்னார்கள். கடைசியில் யாரும் மறுப்பு சொல்லாத இடமாக மேற்கு மூலை மிஞ்சியது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வெயில் அறைகிற மூலை. அதனால்தான் அது காலியாகவே கிடந்தது.

இதற்கு நடுவில் வீட்டுக்காரர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு கூண்டு வாங்கிவிட்டார். கேட்காமல், அளக்காமல், ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்பிக் கூண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தட்டு, என் தலைக்கு மேல் உயரம், அகலம் இரண்டடி.

"உசரம் வேணாம்னு சொன்னேனேங்க."

"மூணு மாடி இருக்கும்மா. நம்ம வீடு மாதிரியே."

அதைப் படியில் ஏற்றினார்கள். முதல் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அக்கா வீட்டு வாசலை அது முழுக்க அடைத்துக்கொண்டது. உள்ளே அக்கா, அடுப்பில் குழம்பு, கையில் காலிக் குடம். கம்பிகளுக்கு நடுவே எங்களைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார். "கோழியத்தான் அடைப்பீங்கன்னு பாத்தேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, தெருவுக்கு இறக்கி, கயிறு கட்டி வெளிப்பக்கமாக மாடிக்கு இழுத்தார்கள். சந்தே நின்று வேடிக்கை பார்த்தது. மேற்கு மூலையில் நிறுத்தி, மேலே ஒரு தகரத்தைப் போட்டு, "முடிஞ்சுது" என்று கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்காரர் கடைக்கு இறங்கிவிட்டார்.

அப்போதே நான் சோழவந்தானுக்கு போன் பண்ணி, இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இம்புட்டு ரகளைக்கு அப்புறம் வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டில் போய், அந்த அம்மா கொண்டுவந்த கோழிக் கூடையை வாங்கி வந்தேன்.

ஆறும் அழகு. இரண்டு கறுப்பு, மூன்று செம்பழுப்பு, ஒன்று சாம்பல். தட்டுக்கு இரண்டாக விட்டேன். கம்பித் தரையில் அவற்றால் நிற்கவே முடியவில்லை. விரல் இடுக்கில் கம்பி போய், காலைத் தூக்கித் தூக்கி வைத்தன. மூன்று மணிக்கு மேலே போனபோது ஆறும் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து விரித்துப் பிடித்து நின்றன. தகரத்தைத் தொட்டேன், கை சுட்டது. சாக்கை நனைத்துச் சுற்றிலும் தொங்கவிட்டேன். அரை மணியில் காய்ந்தது. மறுபடி நனைத்தேன். அடுத்த இரண்டு நாள் இதே வேலையாகப் போனது. தையல் நின்றது. மூன்றாம் நாள் மதியம் சோறு வடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால், மேல்தட்டில் சாம்பல் நிறத்துக் கோழி கழுத்து தொங்கச் செத்துக் கிடந்தது.

மிச்சம் ஐந்தையும் தூக்கிவந்து தையல் அறையில் விட்டேன். சாயங்காலத்துக்குள் ஒன்று மெஷின் மேல் ஏறி, ஒருவர் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த பட்டு பிளவுஸில் எச்சமிட்டது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மனுசன் இருக்குற எடமா இது?" என்றார்.

அவ்வளவுதான். மாடிக்குப் போனேன். நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துணிக்கொடிக்குக் கீழே எறிந்தேன். சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார்.

"என்னடி பண்ற?"

"பதினெட்டு வருசம் ஆச்சுக்கா இந்த வீட்டுக்கு வந்து. எனக்குன்னு எப்பவாவது எடம் கேட்டுருக்கேனா? நாலடி கேட்டேன். உடைஞ்ச நாற்காலிக்கு இருக்குற மரியாத எனக்கு இல்லையா?"

அக்கா குரலை இறக்காமல், கோபமாகவேதான் சொன்னார். "எனக்கு இருபத்தஞ்சு வருசம். எனக்கு மட்டும் எங்க இருக்கு எடம்? அந்தக் குளியலறைக் கதவு ஒண்ணுதான் நான் சாத்துனா சாத்துனபடி இருக்கும்."

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றோம். அப்புறம் அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஒரு நாற்காலியின் மறுமுனையைப் பிடித்தார். உடைந்ததையெல்லாம் படி வழியே உருட்டிவிட்டோம். கீழே இருந்து மச்சான் கத்தினார். "கேக்கலன்னு இருடி" என்றார் அக்கா.

மறுநாள் அந்த உயரக் கூண்டைக் கிழக்குச் சுவரோரம் கொண்டுவந்து படுக்கப் போட்டோம். நடுத் தட்டுகளைக் கட்டர் வைத்து வெட்டி எடுத்தேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். இப்போது அது ஆறடி நீளம், இரண்டடி அகலம். கீழ்க் கம்பியின் மேல் உமியைப் பரப்பி, உட்கார ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டினேன். தகரத்துக்குப் பதிலாகத் தென்னங்கீற்று. முன்னால் நாலடிக்கு வலை கட்டி மண் கொட்டினேன். கோழிகள் அந்த மண்ணில் விழுந்து புரண்டதைப் பார்த்தபோதுதான் அந்த மாதத்தில் முதல் தடவையாக எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

ஆனாலும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வலைக்கு அடுத்து இன்னும் மூன்றடி எடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அங்கே அக்கா மல்லிகைத் தொட்டி ஐந்து வைத்திருந்தார். "நாற்காலி தூக்குனதுல எனக்கும் பங்கு உண்டுல்ல?" என்றார். அந்த மூன்றடியை விட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் முட்டை வர ஆரம்பித்தது. அதே நேரத்தில் கறுப்புக் கோழி ஒன்று மற்றொன்றின் முதுகைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. எண்ணெய் தடவினேன், தனியாகப் பிரித்து வைத்தேன். திரும்ப விட்டால் திரும்பவும் கொத்தியது. சோழவந்தான் அம்மா பிளவுஸ் வாங்க வந்தபோது காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "நெருக்கம்தாங்க காரணம். இம்புட்டு எடத்துக்கு அஞ்சு கூடுதல்" என்றார்.

கொத்துப்பட்டதை அவரிடமே கொடுத்தனுப்பினேன். மிச்சம் நாலும் சண்டையில்லாமல் இருக்கின்றன. ஆறு கோழிக்குச் சரி என்று சொன்ன அன்றைக்கு நான் மாடியை ஒரு முறை அளந்திருந்தால், அந்தச் சாம்பல் நிறத்துக் கோழி செத்திருக்காது. வீட்டில் எல்லாரிடமும் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் சேர வேண்டியது.