மணல் பானையில் வைத்த ஊசி மருந்து

எங்கள் டாக்டரின் முதுகெலும்பு ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பேருக்காக இதை எழுதுகிறேன். நானே சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எழுதத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். டாக்டர்தான், "பயந்து பயந்து வேலை செய்றவங்க எழுதினாத்தாம்மா உபயோகமா இருக்கும்" என்றார்.

1. நாகலூர்

என் மகள் மித்ரா தவழத் தொடங்கிய சமயம் இந்த வேலை கிடைத்தது. ஆபரேஷனுக்கு முன்பு எலும்புக்கு மருந்து எடுப்பவர்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை போனில் விசாரிப்பதோடு சரி. கணவருக்கு சேலத்தில் வேலை, ஏற்காட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே நாகலூர் பஸ் ஏறினேன். இது சரியா, ஒரு ஆய்வுக்காரி இப்படிப் போகலாமா என்று வழியெல்லாம் ஒரே குழப்பம்.

முதல் வீடு ரீத்தா அக்காவுடையது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர். முதுகெலும்பில் ஒரு எலும்பு முன்னால் நழுவி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"குனிஞ்சா வலி இல்லீங்க. நிமிந்தாத்தான் காலு மரத்துப் போகுது. கோயில்ல எல்லாரும் எந்திரிச்சு நிக்கறப்ப நான் மட்டும் மண்டி போட்டுக்குவேன். பெரிய பக்திக்காரின்னு ஃபாதருக்கு நெனப்பு."

அழுத்தத்தை எடுத்துவிட்டு, நழுவிய எலும்பை ஸ்க்ரூ போட்டு நிறுத்த வேண்டும். ஆனால் எலும்பின் வலுவை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அவருடைய எலும்பு மிகவும் பலவீனம். இப்போதே போட்டால் ஸ்க்ரூ தளர்ந்துவிடலாம். சில மாதம் தினமும் வயிற்றில் ஒரு ஊசி போட்டு எலும்பை வலுவாக்கிவிட்டு ஆபரேஷன் செய்தால் பிடிக்குமா என்பதுதான் எங்கள் ஆய்வின் கேள்வி. அவருக்கு அதைப் புதிதாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"ஈர மண்ணுல வேலிக்கல்லு நட்டா ஆடுமில்லீங்க, அதானே?"

மித்ரா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவரும் நீட்டினார். நான் குழந்தையை இழுத்துக்கொண்டேன்.

"வேண்டாங்கக்கா. நீங்க கனம் தூக்கக் கூடாது."

"இது கனமா? பஞ்சாட்டம் இருக்கறா." சிரித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்.

கடைசியாக மருந்தைக் காட்டச் சொன்னேன். வீட்டின் வடக்கு மூலையில் ஒரு மண்பானை. உள்ளே ஈர மணல், அதில் ஒரு எவர்சில்வர் டப்பா, டப்பாவில் வெள்ளைத் துணி சுற்றிய ஊசி பேனா, அதாவது பேனா வடிவில் மருந்து அடைத்த ஊசி.

"பிரிட்ஜ் இல்லீங்களா?"

"ஏற்காட்டுல எதுக்குங்க பிரிட்ஜ்? குளிர்ச்சியான இடத்துல வைக்கணும்னு மருந்தோட குடுத்த சீட்டுல போட்டிருந்துது. இந்த ஊட்டுலயே இதுதான் நொம்பக் குளிர்ச்சி. தெனமும் தண்ணி தெளிக்கறேன்."

மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அது சித்திரை மாதம். பேனாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

2. பஸ்ஸில்

"இத்தன நாளு போட்டுக்கிட்டதெல்லாம் வீணுங்களா?" என்று நான் கிளம்பும்போது கேட்டார் ரீத்தா அக்கா.

தெரியவில்லை என்றேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லாத கண்ணு. தேதி குறிச்சிருக்கறாங்க. தள்ளிப்போட்டுருவாங்க. ராத்திரி காலை நீட்டிப் படுக்க முடியறதில்ல. அடுத்த பேனாவ ஒழுங்கா வெச்சுக்கறேன், யாருக்குத் தெரியப் போகுது?"

சொன்னால் அவருடைய வலி இன்னும் சில மாதம் நீளும். சொல்லாவிட்டால் ஸ்க்ரூ நிற்காமல் போகலாம். பஸ்ஸில் மித்ரா மடியில் தூங்கிவிட்டாள். ஒருவேளை மருந்து வேலை செய்திருக்குமோ, சமீபத்தில்தான் கலங்கியதோ, நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று மாற்றி மாற்றி யோசித்தேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கியதும் ஓரமாக நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். இன்னும் யோசித்தால் சொல்லாமலே இருந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது.

பானையைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் சொன்னார்:

"அந்தம்மா மேல தப்பே இல்ல. சேலத்து வெயில்ல உக்காந்து நான் எழுதின சீட்டு அது. இங்க குளிர்ச்சின்னா பிரிட்ஜ்தான். மலையில எல்லா எடமும் குளிர்ச்சி. எனக்குத் தோணவே இல்ல."

ஸ்கேனைத் திரும்ப எடுத்தோம். எலும்பில் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. சீட்டை மாற்றினோம்: பிரிட்ஜில் வைக்கவும், ஃப்ரீசரில் வேண்டாம், பிரிட்ஜ் இல்லையென்றால் எங்களிடம் சொல்லவும்.

3. ரைட்டர் வீடு

எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டு பிரிட்ஜில் மருந்தை வைக்க ஏற்பாடானது. தினமும் சாயங்காலம் ரீத்தா அக்கா அங்கே போய் ஊசி போட்டுக்கொள்வார். ரைட்டரின் மனைவி அவரைப் பார்த்ததும், "வாங்க, உங்க ஊசி எங்க மீன் கொழம்புக்குப் பக்கத்துல சௌக்கியமா இருக்குது" என்பார்.

என்னிடம் மட்டும் ரீத்தா அக்கா சரியாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். மித்ரா வழக்கம்போலக் கையை நீட்டினாள்.

"வராத சாமி. உங்கம்மா டாக்டர்ட்ட சொல்லிப்போடுவா."

அன்று வீட்டுக்கு வந்தும் அது காதிலேயே இருந்தது. அவருடைய காலில் வலி. வலியை நீட்டிவிட்டவள் நான். ஒவ்வொரு மாதமும் அந்த வீட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கும். ஆனாலும் போனேன்.

4. ஆபரேஷன்

மழைக்காலம் முடியும்போது எடுத்த ஸ்கேன் நன்றாக இருந்தது. ஆபரேஷன் நாளில் தியேட்டர் வாசலில் மித்ராவோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார்.

"நல்லாப் பிடிச்சிருச்சும்மா. ஸ்க்ரூவைத் திருகும்போது கையிலேயே தெரியும். எலும்பு இறுக்கிப் பிடிக்குது."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "முதல்ல குறிச்ச தேதியிலேயே செஞ்சிருந்தா, சார்?"

"அது தெரியாது. அப்பவும் பிடிச்சிருக்கலாம். தெரியாதத தெரியாதுன்னு எழுதத்தாம்மா ஆராய்ச்சி."

நான் எதிர்பார்த்த ஆறுதல் அது இல்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு ஏனோ கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன். நான் சொன்னதால்தான் ஸ்க்ரூ நின்றது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பயம் இருந்தால் இருக்கட்டும். பானைக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள். பார்த்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

5. பஸ் ஸ்டாப்

போன வாரம் நாகலூரில் இறங்கியபோது ரீத்தா அக்கா பஸ் ஸ்டாப்புக்கே வந்திருந்தார். நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு உயரமானவர் என்று அன்றுதான் தெரிந்தது.

"இப்பக் கோயில்ல நிக்கறேன் கண்ணு. பக்தி கொறஞ்சு போச்சுன்னு ஃபாதருக்குக் கவலை."

மித்ரா இப்போது நடக்கிறாள். அவரிடம் ஓடி, "தூக்கு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, முதுகை வளைக்காமல், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடியே சிமெண்ட் திண்டில் உட்கார்ந்து மடியைத் தட்டினார். மித்ரா அவர் புடவையைப் பிடித்துத் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் தூக்கல. அவளா ஏறினா. இதையும் டாக்டர்ட்ட சொல்லுவியா?"

"சொல்லணுங்கக்கா."

"சொல்லு, சொல்லு" என்றார், மித்ராவின் தலையைக் கோதியபடியே.