தறி மிதிக்கும் கால்கள்

என் மகனைப் பெற்று நான்காம் நாள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தோம். அன்று சாயங்காலமே அவன் மல்லாந்து படுத்தபடி இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி உதைத்தான். சீராக, ஒரே வேகத்தில்.

"பாரும்மா, இப்பவே தறி மிதிக்கிறான்" என்றார் மாமனார். பட்டு நெய்கிற வீட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நான்தான் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். அவன் கண்கள் ஒரே பக்கமாக நிலைகுத்தி நின்றது அதில் தெளிவாகத் தெரிகிறது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. பெற்றவள், நானும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை குழந்தையின் எடை பார்க்க வந்த நர்ஸிடம் அந்த வீடியோவைப் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தொட்டிலைப் பார்த்தார். அவன் அப்போதும் மிதித்துக்கொண்டிருந்தான்.

"கால மெதுவா புடிம்மா. சும்மா உதைக்கிறதா இருந்தா நின்னுடும்."

"நிக்கலன்னா?"

"பொறந்த கொழந்தைக்கு ஃபிட்ஸ் இப்படியும் வரும்மா. மூளையிலருந்து வருது. மொதல்ல புடி."

இரண்டு கால்களையும் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தேன். பக்கத்து அறையில் நெய்துகொண்டிருந்த மாமனாருக்கும் நர்ஸ் சொன்னது கேட்டிருக்க வேண்டும்.

தறிச் சத்தம் நின்றது. என் கைக்குள் கால்கள் நிற்கவில்லை.