சோப்புத்தூளும் வளைந்த குழாயும்

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறேன். அந்தக் காரணம் உதவாமல் போனது ஒரே ஒரு நாள்தான்.

எங்கள் எஸ்டேட்டுக்கு மேலே உள்ள சப்ஸ்டேஷனில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் கசியவிட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரர் எங்களை அனுப்பினார். நான், எங்கள் லைன் வீட்டு வரிசையில் பக்கத்து வீட்டு அக்கா, கொல்லங்கோட்டுக்காரரான சூப்பர்வைசர் என மூன்று பேர். எண்ணெய் ஊறிய ஜல்லியைச் சாக்கில் அள்ள வேண்டும். சிமெண்ட் தரையில் மரத்தூளைக் கொட்டி, அது எண்ணெயைக் குடித்ததும் கூட்டி எடுக்க வேண்டும்.

சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "பொண்ணு பாக்கவா சார் வந்தீக?" என்று காலையிலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார்.

மதியம் மழை பிடித்தது. அங்கிருந்து இறங்கும் கால்வாய், கீழே எங்கள் லைனின் குடிதண்ணீர்த் தொட்டிக்குத்தான் போகிறது. அதன் வாயில் மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். உள்ளே தண்ணீர் ஏறியது, அதன் மேல் எண்ணெய் மினுமினுத்தது.

"மூட்டைய எடுத்துப்போடலாமுங்க. கேபிள் குழிக்குள்ள தண்ணி போச்சுன்னா வம்புங்க" என்றார் சூப்பர்வைசர்.

"எடுத்தா எங்க கொடத்துக்குல்ல வரும்? பொறுங்க, எண்ணெயக் கழுவி விட்டுருதேன்" என்ற அக்கா, சோப்புத்தூள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.

"அக்கா, போடாதீங்க!"

கத்தியது நான்தான். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். இனி சொல்லாமல் முடியாது.

முன்பு வேறொரு வேலையில் நானே சோப்புத்தூள் போட்டவன். மேலே மிதந்த எண்ணெய் பால்போலத் தண்ணீரில் கலந்து, மூட்டை இடுக்கு வழியாக ஓடிவிட்டது. அதைத் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"பெறகு என்னதான் செய்ய?"

"நீங்க வைக்கிற மீன் கொழம்புல எண்ணெய் வேண்டாம்னா, நான் கரண்டிய அடியிலதான விடுவேன்?"

"ஏன் தம்பி, எங்கொழம்புல எண்ணெய் மெதக்குதுன்னு இத்தன நாளா மனசுல வச்சிருந்தியாக்கும்!"

அடித்தண்ணீரை மட்டும் வெளியே விட ஒரு குழாய் வேண்டும் என்றேன். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே ஒரு பழைய பிளாஸ்டிக் குழாயைத் தேடி எடுத்து வந்தார். மூட்டைகளுக்கு நடுவே அதைச் செருகினேன். உள்பக்க முனையில் ஒரு வளைந்த குழாய்த் துண்டை மாட்டி, அதன் வாய் தரையைப் பார்க்கும்படி திருப்பினேன். அடித்தண்ணீர் மட்டும் வெளியே போனது. எண்ணெய் மேலேயே தங்கியது. அதை நாங்கள் பிளாஸ்டிக் மக்கால் அள்ளி டிரம்மில் ஊற்றினோம், மிச்சத்தைப் பழந்துணியில் ஒற்றி எடுத்தோம். வெள்ளைச் சட்டையும் கடைசியில் அந்தத் துணிகளோடு சேர்ந்துவிட்டது.

மழை விட்டதும் மூவரும் கீழே இறங்கித் தொட்டியை எட்டிப் பார்த்தோம். தண்ணீரின் மேல் வானம்தான் தெரிந்தது, எண்ணெய்ப் படலம் இல்லை. அக்கா அங்கேயே குடத்தில் பிடித்துப் போய்த் தேநீர் போட்டார். சூப்பர்வைசர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"குடிங்க சார். அது என்ன எங்கொழம்பா, எண்ணெய் மெதக்க?" என்றார் அக்கா, என்னைப் பார்த்துக்கொண்டே.