மொரப்பூரில் கடிக்காத பல்

தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிறேனாம். பல் மருத்துவர் சொன்னார். முனை தேய்ந்து தட்டையாகிவிட்ட பற்களைக் கண்ணாடியில் காட்டினார். படுக்கும்போது மாட்டிக்கொள்ள ஓர் உறை செய்து தந்தார். பகலில் உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேரக் கூடாது என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, மனசுக்குள் ஏதாவது கவலையா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கிருந்தோ இண்டூர்ப் பக்கத்து எங்கள் ஊர் வெயிலும் விளக்கெண்ணெய் வாடையும் கிளம்பி வந்து அந்த நாற்காலியைச் சுற்றி நின்றன.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி, அவ்வளவுதான். பூச்சி வருவது பிள்ளைகளுக்கு. பெரியம்மாவின் பையன்களுக்கு மீசை வந்துவிட்டதால், பிள்ளை என்று மிச்சமிருந்தது நான் ஒருத்திதான்.

நானும் அம்மாவும் ஒரே பாயில் படுப்போம். அந்தப் பாயிலிருந்து நறநறவென்று சத்தம் வருவதாகப் பெரியம்மா விடிந்ததும் சொல்வார். கல்லில் கேழ்வரகு திரிக்கிற மாதிரி இருக்கிறதாம். உடனே வேப்பங்கொழுந்து அரைபடும். அதற்கும் அடங்காவிட்டால் விளக்கெண்ணெய். அம்மாதான் என் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். "முழுங்கிரு கண்ணு, பூச்சி செத்துரும்" என்பாள், தன் கண்ணிலும் நீர் கோத்தபடி. நான் முழுங்குவேன். பூச்சி சாகாது.

இதில் எனக்குப் போனது வாயின் ருசி மட்டுமில்லை. கோடை விடுமுறைக்கு மொரப்பூர் மாமா வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே ரயில் ஓடும். வருஷம் முழுக்க அந்த ரயிலுக்காகத்தான் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவோ ஒரே வார்த்தையில் கதவைச் சாத்திவிட்டார். "அடுத்தவங்க வூட்ல போய்ப் பல்லக் கடிச்சா அந்த வூட்டுக்கு ஆவாது. மொதல்ல நிக்கட்டும்."

என்னைக் கூட்டிப்போக மாமா வந்த அன்று வீடெங்கும் புளி. ஓடு உடைத்த புளியைக் குவித்துவைத்து எல்லோரும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிந்தைய வெயில், கூரை ஓடுகளின் சந்து வழியாக உள்ளே ஒழுகிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் சாப்பிட்ட அம்மா, மூட்டையில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். நானும் மாமாவும் புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி ஆடினோம். நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

நறநற.

பெரியம்மா தலையைத் தூக்காமலே சொன்னார். "கேட்டீங்களா தம்பி? இந்தப் பூச்சியத்தான் சொன்னேன்."

மாமா என் வாயைப் பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு கையில் கொட்டையோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, இவ முழிச்சிக்கிட்டில்ல இருக்கா?"

அப்பாவின் கை புளிக்குள் நின்றது. எல்லோரும் ஒன்றாகத் திரும்பினோம். ஆள் முழுக்கத் தூங்க, அம்மாவின் தாடை மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தது பெரியம்மா. பிறகு வீடே சிரித்தது. அந்தச் சத்தத்தில் விழித்த அம்மா, என்ன ஏதென்று தெரியாமல் தானும் கூடச் சிரித்தாள். அவளுக்கு அது பழக்கம். யார் சிரித்தாலும் சிரிப்பாள், யார் திட்டினாலும் சிரிப்பாள்.

"அக்கா, பூச்சி உனக்குத்தான். புள்ள குடிச்ச வெளக்கெண்ணெய எல்லாம் எப்படித் திருப்பித் தரப் போற?"

நான் ஓடிப்போய் எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினேன். மூக்கைக்கூடப் பிடிக்காமல் அம்மா மடக்கென்று குடித்தாள். அவ்வளவு அழகாக யாரும் விளக்கெண்ணெய் குடித்து நான் பார்த்ததில்லை.

"அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போறேன் மாமா" என்றார் மாமா அப்பாவிடம். "எங்க வூட்டுப் பொண்ணு எங்க வூட்ல கடிச்சா எங்களுக்கு ஒன்னும் ஆவாது."

"அப்ப புளி?"

"புளி எங்க ஓடிரப் போவுது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார், புளியைப் பார்த்தார், காலிப் புட்டியைப் பார்த்தார். "சரி, பூச்சி சாவற வரைக்கும் இருந்துட்டு வரட்டும்."

மொரப்பூரில் கூட்ஸ் வண்டி போனால் அடுக்கிய பாத்திரமெல்லாம் பேசும். அந்த இரைச்சலிலும் அம்மா வெயில் முகத்தில் விழும்வரை தூங்கினாள், வாய் திறந்து, தலையணையில் எச்சில் வழிய. கன்னத்தோடு காதை வைத்துக் கேட்டேன். மூச்சு மட்டும் வந்தது. பகலில் மாம்பழக் கொட்டைக்காக மாமாவோடு தெருவுக்கே கேட்கச் சண்டை போட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயிலில் போகிற முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

விடுமுறை முடிந்து ஊர் திரும்பினோம். மறுநாள் காலையில் பெரியம்மா அறிவித்தார், சத்தம் திரும்பிவிட்டதாம்.

எனக்குக் காரணம் பளிச்சென்று விளங்கிவிட்டது. பூச்சிக்கு ரயில் என்றால் பயம். அப்பாவிடம் போய், நம்ம ஊருக்கும் ஒரு தண்டவாளம் போடச் சொல்லுங்க, அம்மாவுக்குச் சரியாகிவிடும் என்றேன். அப்பா சிரித்தார். பெரியம்மா சிரித்தார். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மாவும் முறத்திலிருந்து தலையைத் தூக்கி, சத்தம் வராமல் சிரித்தாள்.

ரயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்க நான் வாசலுக்கு ஓடினேன்.